பார்க்காமல் கொடுத்த அப்ரூவல்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. "அப்பா, நாளையிலேர்ந்து புரொடக்‌ஷன் ரிலீஸுக்கு நான்தான் அப்ரூவல் குடுக்கணும். டீம்லயே எனக்குத்தான் குடுத்திருக்காங்க" என்று சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாய். இருந்தேன். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், வெளியே காட்டவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. உன் அம்மா போனதிலிருந்து இந்த மூன்று வருடமாக எனக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. அந்த மாதிரி.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நீ இப்போது உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது செய்தது. போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது படிக்கக் கேட்டாலும் காட்டு. நீ ஏற்கெனவே அறிந்ததை நான் விளக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால், அவர்களுக்காக என்று வைத்துக்கொள்.

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் ஆபீஸ் என்ன செய்கிறது என்பது உனக்குத் தெரியும். மழை, இடி, காற்று வரப்போகிறது என்றால் பதிவு செய்தவர்களின் போனுக்கு அழைப்பு போகும். எடுத்தால் ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் பகுதியில் இடியுடன் மழை, பாதுகாப்பான இடத்துக்குப் போகவும், அவ்வளவுதான். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு பட்டியல். அனுமந்தைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் இன்னொரு பட்டியல். அந்த ஒரு அழைப்புக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள் பேக்கேஜுகள். எல்லாம் யார் யாரோ எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெர்ஷன் எண். வாரா வாரம் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும்.

அதற்காகத்தான் தேவகி அந்த டூலை அமைத்தாள். குயிலாப்பாளையத்துப் பெண், அப்போது முப்பது வயதிருக்கும், எங்கள் ஆபீஸிலேயே கெட்டிக்காரி. எழுதுவது முதலில் டெஸ்ட்டுக்குப் போகும். அங்கே தேறினால் ஸ்டேஜிங். அது ஒத்திகை மாதிரி, நிஜப் பட்டியலின் நகலை வைத்து எல்லாம் நடக்கும், அழைப்பு மட்டும் எங்கள் போனுக்கே வரும். அங்கேயும் தேறினால், நிஜமாகவே மக்களுக்கு அழைப்பு போகும் புரொடக்‌ஷன். ஸ்டேஜிங்கில் எந்த எந்தப் பேக்கேஜ் எந்த எண்ணில் இருந்ததோ, அதே எண்ணோடுதான் புரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் டூலே செய்துகொள்ளும். கடைசிப் படியில் மட்டும் நின்று என் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். நான் அப்ரூவ் என்று அழுத்தினால்தான் மேலே நகரும்.

உன் அம்மா ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அதைப் பார்த்தாள். "இத நீங்க அமுக்குனாதான் போவுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "மத்ததெல்லாம் அதுவே பண்ணிக்குது. இத மட்டும் இன்னாத்துக்கு உங்களக் கேக்குது?" "ஒரு ஆளு பாக்கணும் இல்ல?" என்றேன். "அப்ப பாத்துட்டுதான் அமுக்குறீங்களா?" என்றாள். நான் சிரித்தேன். அப்போதெல்லாம் உண்மையாகவே பார்த்துவிட்டுத்தான் அழுத்துவேன். ஒவ்வொரு எண்ணாக, மாறியது எது, ஏன் மாறியது என்று. சில சமயம் அரை மணி நேரம் ஆகும். சோறு ஆறிப்போகிறது என்று அவள் சத்தம் போடுவாள்.

பிறகு அவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதெல்லாம் உனக்குத் தெரியும், நீயும் உடன் இருந்தாய். மேனேஜர் வீட்டுக்கு வந்தபோது, "ஒரு மாசம் லீவு எடுத்துக்கோங்க, அப்ரூவலை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்" என்றார். "வேணாம் சார், வீட்ல சும்மாதான இருக்கேன், நானே பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனதோடு சொன்னதாக அவர் நினைத்தார். எனக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. அந்தப் பதினாறு நாளில் நாலைந்து மெசேஜ் வந்திருக்கும். வந்ததும் அழுத்தினேன். சட்டைப் பையில் போன் அதிரும், எடுப்பேன், பச்சையாக இருக்கும் இடத்தில் விரலை வைப்பேன், மறுபடி பையில் போடுவேன். ஈ உட்கார்ந்தால் கை தன்னால் விரட்டுகிறதே, அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எதுவும் கெடவும் இல்லை. கெட்டிருந்தால் விழித்திருப்பேனோ என்னவோ.

காரியத்தன்று கடற்கரையில் போன் அதிர்ந்தது. அதையும் அழுத்தினேன். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. இவ்வளவு துல்லியமாக நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மெசேஜில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஸ்டேஜிங்கில் சோதித்த வெர்ஷனும் இப்போது போகப்போகிற வெர்ஷனும் ஒன்றல்ல, தொடரலாமா என்று கேட்டிருக்கிறது. அழைப்பு அனுப்புகிற பேக்கேஜில் ஏதோ சிக்கல் என்று ஆபீஸில் ஒருவர் அவசரமாகப் புது வெர்ஷன் எண்ணை புரொடக்‌ஷன் பட்டியலில் நேராகப் போட்டுவிட்டார். அதைப் பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் அவசரத்தில் அப்படிச் செய்வார்கள் என்றுதான் டூல் நின்று கேட்கிறது. அந்தப் புது வெர்ஷனில் ஒரு சின்ன மாற்றம். முன்னால் நாட்டுக் குறியீடு இல்லாத போன் நம்பர்களை அது தவறான நம்பர் என்று தாண்டிப் போய்விடும். பிழை என்றும் காட்டாது. மீனவர்களின் பட்டியல் பிறகு எடுத்தது, குறியீட்டோடு இருந்தது. உப்பளத்துப் பட்டியல் பழசு. எல்லா நம்பரும் பூஜ்யத்தில் தொடங்கும்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை எச்சரிக்கை போனது. அனுமந்தையில் எல்லோருக்கும் மணி அடித்தது, உப்பளத்தில் யாருக்கும் அடிக்கவில்லை. மழையும் வரவில்லை. வராத மழைக்கு அழைப்பு வரவில்லை என்று யாராவது புகார் செய்வார்களா? ஆனி மாதம் ஒருநாள் மதியம் மூன்றரை மணிக்கு நிஜமாகவே வந்தது. உப்பளத்தில் எட்டு பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிழலுக்குக்கூட ஒன்றும் கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை பாத்திதான், நிமிர்ந்து நிற்பது மனிதனும் மோட்டாருக்கு மின்சாரம் வரும் ஒரு கம்பமும்தான். அந்தக் கம்பத்தில் இடி விழுந்தது. பக்கத்து வரப்பில் நின்ற ஏழுமலை என்பவரைத் தூக்கிப் பாத்திக்குள் போட்டது. உயிர் பிழைத்தார். இரண்டு காதும் போய்விட்டது. வலது கை தோளுக்கு மேல் எழாது.

மறுநாள் காலை மேனேஜர் எல்லோரையும் உட்கார வைத்தார். உப்பளத்துக்கு ஏன் அழைப்பு போகவில்லை என்பதை அதற்குள் தேவகி கண்டுபிடித்திருந்தாள். "ஸ்டேஜிங்ல இல்லாத வெர்ஷன் எப்படி புரொடக்‌ஷனுக்குப் போச்சு? யாரு விட்டது?" என்று மேனேஜர் கேட்டார். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "டூல் தானா தள்ளியிருக்கும் சார்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அழுத்திய ஞாபகமே இல்லை. தேவகி என்னைப் பார்த்தாள். "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் டூலின் லாக் என்கிற பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். டூல் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும், உனக்குத் தெரியுமே. என் பெயர் இருந்தது. தேதி இருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டு. அந்தத் தேதி எது என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் அறை பத்தடி தூரம்தான். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நீ காலையில் செய்து கொடுத்த புளிசாதம். மறுநாள் தேவகி மேனேஜரிடம், "என் பக்கம்தான் தப்பு சார், அப்ரூவல் செட்டிங்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, நான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டாள். மேனேஜருக்கு அந்த டூல் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இனிமேல் எல்லாம் கையால் செய்யுங்கள் என்றார். இரண்டு மாதத்தில் தேவகி வேலையை விட்டாள். போகும் நாளில் என் மேஜைக்கு வந்து "போய்ட்டு வரேன் சார்" என்றாள். நானும் "சரிம்மா" என்றேன். உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேனே, அதே மாதிரி.

ஏழுமலையைப் பார்க்க ஆபீஸ் சார்பில் என்னை அனுப்பினார்கள், நம் வீடும் மரக்காணம் என்பதால். பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலைதான் பேசினாள். "வானம் கருத்துச்சு சார். போயிடலாம்னு கூட இருந்தவங்கள்லாம் சொன்னாங்க. இவருதான், போன் வரல, வந்தா வந்திருக்கும், இது கலைஞ்சு போயிடும்னு சொல்லிட்டு நின்னாரு. போன அந்த அளவுக்கு நம்புவாரு. எத்தினி வாட்டி கரெக்டா சொல்லிருக்குது, இல்ல சார்?" ஆமாம் என்று தலையாட்டினேன். டீ கொடுத்தாள். குடித்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். "எப்டி இருக்காரு?" என்று கேட்டாய். "பரவால்ல" என்றேன்.

அந்த அழைப்பு என்கிற ஒன்று இல்லாமலே இருந்திருந்தால் அவர் வானத்தைப் பார்த்து ஓடியிருப்பார். அது இருந்தது, நன்றாக வேலை செய்தது, அதனால்தான் நின்றார். இதை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். யோசிக்கும்போதும் எனக்கு எதுவும் ஆகவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதன் பிறகு ஒரு வருடம் கையாலேயே ரிலீஸ் செய்தோம். நூற்றுக்கணக்கான எண்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டு, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்த்து. டூல் செய்யாத தப்பெல்லாம் நாங்கள் செய்தோம். ஐம்பத்து ஏழை எழுபத்து ஐந்து என்று எழுதினோம். ஒவ்வொரு தடவையும் மேனேஜர், "அந்தப் பொண்ணு ஒழுங்கா பண்ணியிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் அடுத்த எண்ணைப் படித்தேன். நீ வேலைக்குக் கிளம்பிய அன்றும் ஒரு ரிலீஸ் இருக்கிறது என்று சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அன்று ரிலீஸ் எதுவும் இல்லை தம்பி. ஆபீஸில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு ஒரு சனிக்கிழமை குயிலாப்பாளையத்துக்குப் போனேன். தேவகி அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். நான் நேராகச் சொல்லிவிட்டேன். "தேவகி, அன்னிக்கு அமுக்குனது நான்தான்." அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"தெரியும் சார்."

"லாக்ல பாத்தியா?"

"லாக்ல பாக்குறதுக்கு முன்னாடியே தெரியும். காரியத்துக்கு நானும் வந்திருந்தேன்ல? உங்களுக்குப் பின்னாலதான் நின்னேன். உங்க பையன் தண்ணில எறங்குறான், நீங்க பாக்கெட்லேர்ந்து போன எடுக்குறீங்க. அந்த நேரத்துல இவருக்குப் போய் மெசேஜ் அனுப்புதேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் செஞ்ச டூல் சார் அது. லீவுல இருக்கிறவங்களுக்கு அனுப்பாதன்னு ஒரு லைன் நான் எழுதியிருக்கலாம். எழுதல. அந்த ஓட்டை நெஜம்தான்."

"அதுக்காக மொத்தமும் நீயே ஏத்துக்கிட்டியா?"

"வேற இன்னா பண்றது? மீட்டிங்ல எந்திரிச்சு, பொண்டாட்டி காரியத்துல நின்னு அமுக்குனாருன்னு சொல்லவா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் சார். ஒரு வாரம் ஆவும், ரெண்டு வாரம் ஆவும்னு. கடைசி நாள் உங்க மேஜைக்கு வந்தேனே, அப்பக்கூட நெனச்சேன். கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்பவும் இருக்குது."

"இருக்கட்டும்மா" என்றேன். அந்தக் கோபம் எனக்கு ஏதோ செய்தது. அன்று திரும்பும் வழியில் ஸ்கூட்டரை அனுமந்தைக்கு முன்னால் ஓரம் கட்டி கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன் என்று எழுத மாட்டேன். ஹேண்டில் வெயிலில் சுட்டது. சுடுகிறது என்று கைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டேன். நடந்ததை நாலு வரியில், பதிவேட்டின் படத்தோடு. வேலை போகும் என்று நினைத்தேன். மேனேஜர் கூப்பிட்டார். "ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார். "அப்பவே சொல்லியிருக்கணும் சார்" என்றேன். அப்ரூவல் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், எடுத்தார். டூலை மறுபடி கொண்டுவந்தார்கள். தேவகியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வரவேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தப்பு.

அடுத்த வாரம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பழம் எதுவும் வாங்கவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து இடது கையால் வலை நாற்காலிக்கு ஒயர் பின்னிக்கொண்டிருந்தார், நன்றாகப் பின்னவில்லை. அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ் வந்தது, பார்க்காமல் அழுத்தியது, அதனால் உப்பளத்துக்கு அழைப்பு போகாதது. முழுக்கக் கேட்டாள். ஏழுமலை எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கையை ஆட்டி என்ன என்று கேட்டார்.

"நீயே அவருக்குச் சொல்லும்மா. இல்லன்னா நான் எழுதிக் காட்டறேன்" என்றேன்.

"வேணாம் சார்" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களும் எழுதிக் காட்டாதீங்க. இவரு இடிய நெனச்சிட்டு உக்காந்திருக்காரு. அது வானத்துலேர்ந்து வந்துச்சு, யாரக் கேக்குறதுன்னு இருக்காரு. ஒரு ஆளு மூஞ்சிய நெனச்சிட்டு உக்கார வேணாம்." என்னைப் பார்க்காமல் தொடர்ந்து சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும். இனிமே இங்க வராதீங்க சார்." பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து, அவருக்குப் புரியும்படி "போன் கம்பெனி. சும்மா. பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். அவர் சிரித்து எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன்.

இதுதான். இதில் உனக்கு என்ன புத்தி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெர்ஷன் எண்களைப் பூட்டி வை, ஸ்டேஜிங்கைத் தாண்டி எதையும் விடாதே என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், ஒருநாள் நானும் போவேன். அந்த மாதிரி நாட்களில் "சும்மாதான இருக்கேன், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லாதே. பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல். எடுக்க மறந்தால் சண்டை போட்டு எடுக்க வை. உன் ஆபீஸில் யாராவது அப்படி நின்றால், அவர் கேட்காமலே நீ எடுத்துவிடு. எதுவும் தோன்றாத ஆளின் கையில் அந்தப் பொத்தான் இருக்கக் கூடாது. தனக்கு எதுவும் தோன்றவில்லை என்பது அந்த ஆளுக்கே தெரியாது என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

உனக்குக் கிடைத்த பொறுப்புக்கு இப்போது சொல்கிறேன், சந்தோஷம்ப்பா. தாமதமாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காரியத்தன்று நடந்தது எதுவும் எனக்குள் இல்லை. நீ தண்ணீரில் இறங்கினாய் என்பதே தேவகி சொல்லித்தான் தெரிந்தது. அலை பெரிதாக இருந்ததா, உன்னை என்ன சொல்லச் சொன்னார்கள், நீ அழுதாயா, உன்னை யார் கைபிடித்து மேலே கொண்டுவந்தார்கள், எதுவும் தெரியாது. நான் பிடித்திருக்க வேண்டிய கை. பொங்கலுக்கு வரும்போது அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை எனக்குச் சொல். அவசரமில்லாமல் சொல். நான் போனை அணைத்து உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

அப்பா